கொள்ளிடம் தாண்டாத விமானம்

எடுத்த காரியம் சிறிதோ பெரிதோ, அதன் வாயிலில் முதலாவதாக வந்து அமர்ந்துகொள்ளும் ஐங்கரத்தானே. மலையின் உச்சியில் இருந்தபடி இந்த ஊரின் மொட்டைமாடிகளையும் அவற்றில் காயும் துணிகளையும் அத்துணிகளுக்குரியவர்களின் கவலைகளையும் ஒருங்கே நோக்குபவனே. உன் கண் படாத இடம் ஒன்று உண்டென்று எண்ணுவது பேதைமை. ஆயினும் ஒரு கண்ணாடித் திரைக்குள்ளே, மின்சாரம் நின்றால் தானும் இல்லாமற்போகும் பொய்யூர் ஒன்று இருக்கிறது. அவ்வூரின் வானத்திலும் இன்று ஒரு நாழிகை எழுந்தருள வேண்டும். இவ்வாறு மனத்துக்குள் விண்ணப்பம் செய்துகொண்டுதான் திருமேனிநாதர் தம் நாற்காலியில் அமர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பூசையில் இட்ட திருநீறு நெற்றியில் காய்ந்து தோலை இழுத்தது. மேசைமேல் கணினி, அதன் அருகே விமானத்தின் கைப்பிடியைப் போலவே செய்த ஒரு கருவி, காதில் மாட்டிப் பேசும் ஹெட்போன். இன்னும் சற்று நேரத்தில் மகள் மங்கையர்க்கரசி ஆக்லாந்திலிருந்து இணைவாள். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். இணைந்ததும் அவளுடைய சிறு விமானமும் இவருடைய சிறு விமானமும் ஒரே பொய்வானத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருச்சிக்கு வரும். வரும் என்று சொல்வதுகூடத் தவறு, புறப்படும், அவ்வளவுதான். ஒரு ஞாயிறுகூட வந்து சேர்ந்ததில்லை. நெய்வேலியின் சுரங்கப் பள்ளங்கள் கடந்துவிடும், அரியலூரின் வெளுத்த சுண்ணாம்பு மண் கடந்துவிடும், கொள்ளிடத்தின் மணல் தூரத்தில் வெள்ளைத் துணிபோல் விரியும், அந்த இடத்தில் திரை உறைந்துவிடும். இறகின் நிழல் மணல்மேல் அப்படியே நிற்கும். மகளின் குரல் ஒரு சொல்லின் பாதியில் அறுபடும். பிறகு திரை கறுத்து, விமானமும் வானமும் ஊரும் போய், மறைந்த மனைவி சௌந்தரத்தின் படம்போட்ட கணினி முகப்பு மட்டும் எஞ்சும். சென்ற ஞாயிறும் அப்படித்தான். பிறகு கைபேசியில் மங்கை சொன்னாள்: "அடுத்த வாரமும் இப்படி விழுந்துச்சுன்னா விட்டுடலாம்பா. கோவமெல்லாம் இல்ல. ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசல்கிட்ட வந்து திரும்பிப் போற மாதிரி இருக்கு. எனக்கு அது ஒத்துக்கல." கோபம் இல்லையென்று அவள் சொன்ன விதத்தில்தான் அவருக்குப் பயம் வந்தது. கோபமாயிருந்தால் பேசித் தீர்க்கலாம்.

சன்னலுக்கு வெளியே, இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, மெய்யான மலைக்கோட்டை நின்றுகொண்டிருந்தது. தில்லைநகரின் இந்த மூன்றாம் மாடிக்குக் குடிவந்ததே அந்தக் காட்சிக்காகத்தான். முழங்கால் படியேற மறுத்தபின் கண்ணாலேனும் ஏறிக்கொள்ளலாம் என்று சௌந்தரம் சொல்லியிருந்தாள். ஆனால் விமானம் ஓட்டும் அந்த மென்பொருளுக்குள்ளிருந்த திருச்சியில் மலையே இல்லாதிருந்தது. முதன்முதலாகத் தனியே ஓட்டிப் பார்த்தபோது அவர் திடுக்கிட்டுப்போனார். காவிரி இருந்தது, தீவு இருந்தது, தெருக்கள் இருந்தன. மலை இருந்த இடத்தில் தட்டைத் தரையும், எந்த நாட்டிலும் ஒட்டவைக்கத்தக்க சிவப்பு ஓட்டு வீடுகளும். பிள்ளையாரை எடுத்துவிட்டு இந்த ஊரை யார் இப்படித் தட்டையாக்கினார்கள் என்று ஒரு நாள் முழுதும் மனம் ஆறவில்லை. இம்மென்பொருளில் விருப்பமுள்ள ஒருவர் மலைக்கோட்டையின் உருவத்தைச் செய்து இணையத்தில் வைத்திருந்தார். அதை இறக்கினார். அம்மலையை எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தத் திசை நோக்கி நிறுத்துவது என்று மென்பொருளுக்குச் சொல்லும் சிறு கோப்பைத் தம் கையாலேயே தட்டெழுதினார். இவர் கணினியில் எழும்பும் ஊரே, இணைந்தபின் மங்கையின் திரையிலும் தெரியும்; அவள் வந்திறங்கும்போது மலை தெரிய வேண்டும். அவள் ஊருக்கு வந்துவிட்டோம் என்று மூச்சுவிடுவது எப்போதும் அம்மலையைக் கண்ட பிறகுதான். கல்லூரி விடுமுறையில் ரயிலில் வந்த காலத்திலேயே அப்படி. ஆனால் சௌந்தரம் போன செய்தி கேட்டு வந்தபோது அவள் அதைப் பார்த்திருப்பாளா? இருட்டிவிட்டிருந்தது. பார்த்திருக்க மாட்டாள்.

காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள், வாசற்படியிலேயே அமர்ந்து, அமர்ந்தபடியே போய்விட்டாள் சௌந்தரம். நோய் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. மங்கை இரண்டு ஊர்களில் விமானம் மாறிச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து காரில் வந்தாள். மறுநாள் பொழுது சாயுமுன் எடுத்தாக வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். அவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, இப்போது எங்கேயம்மா, இப்போது எங்கே என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். விழுப்புரம் என்றாள். பெரம்பலூர் என்றாள். கொள்ளிடம் பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்று வண்டிகளெல்லாம் தேங்கிவிட்டன என்றாள். அதன்பின் அவள் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து, கூடம் கழுவி விடப்பட்டிருந்தது. ஈரத்தரையில் அவள் காற்சுவடு பதிந்தது அவருக்கு இன்னும் தெரிகிறது. கொள்ளிடம். கொள்ளிடத்தைத் தாண்ட முடியவில்லை. மென்பொருளும் அங்கேயே விழுகிறதென்று முதல் தடவை உணர்ந்தபோது அவர் உடம்பு சில்லிட்டது. இரண்டாம் தடவை, தற்செயல் என்று சொல்லிக்கொண்டார். பிறகு சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டார். அவளுக்கும் அது தோன்றியிருக்கும். தோன்றியதைச் சொல்லாமலிருக்கிற பழக்கம் அவளுக்கு அவரிடமிருந்து வந்தது. காரியங்கள் முடிந்து அவள் திரும்பிப் போனபின், நலமா, நலம் என்பதோடு பேச்சு நின்றுவிட்டிருந்தது. நீண்ட காலத்துக்குப் பிறகு அவளாகவேதான் அழைத்து, "அப்பா, இப்படி ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டலாம். மெட்ராஸ்லேர்ந்து திருச்சி வரைக்கும். வர்றீங்களா?" என்றாள். ஏன் அந்த வழி என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கும் பிரிவில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஒரு கைகாட்டி விழாமல் நின்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். இரண்டை மாற்றினாயோ, எது குணமாக்கிற்றென்று அறியாமலேயே போவாய். அந்த ஒழுங்கில்தான் இதையும் அணுகினார். திரைக் காட்சியின் தரத்தைக் குறைத்தார், விழுந்தது. கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவர் நிரலைப் புதுப்பித்தார், விழுந்தது. மேகங்களை நீக்கினார், மேகமற்ற வானத்தில், அதே மணலுக்கு முன்னே, விழுந்தது. மெமரி பற்றாதென்று கடைக்காரர் சொல்ல, புதிதாக ஒன்று வாங்கிச் செருகினார். அன்று விழுவதற்குமுன் இரண்டு கொக்குகள் தெரிந்தன, அவ்வளவே பயன். மலைக்கோட்டைக் கோப்பை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்திருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. நேற்று தூத்துக்குடியிலிருந்து செபஸ்தியான் பேசினான். துறைமுகத்தில் வேலை, இதே மென்பொருளில் பைத்தியம் பிடித்தவன், இணையத்தில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. "அண்ணாச்சி, பொட்டியத் தொறந்து தூசி தட்டுனியளா?" "தட்டியாச்சுப்பா." "அப்ப உங்க விமானத்துக்குத் திருச்சி புடிக்கல. எங்க ஊருக்கு ஓட்டிட்டு வாங்க, எறங்குனதும் முந்திரி போட்ட மக்ரூன் வாங்கித் தாரேன்." "பல்லு இருந்தாத்தானப்பா மக்ரூன்." "சரி, வெளாட்ட விடுங்க. விழுந்ததும் அதுவா ஒரு பிழைப்பதிவு எழுதி வைக்கும்லா, அதுல கடைசில என்ன போட்டுருக்கு?" "மலைக்கோட்டைக் கோப்புல முதல் வரியைப் படிக்க முடியலையாம்." "அந்த மொத வரிய வாசிங்க, பாப்போம்." அவர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தார்: அட்சரேகை, அதன் எண். "அது சரியாத்தானே இருக்கு. இன்னொருக்க, உச்சியில இருந்து வாசிங்க." மீண்டும் வாசித்தார்: அட்சரேகை, அதன் எண். "அதுக்கு மேல ஒண்ணுமே இல்லையே?" "ஒண்ணுமே இல்லப்பா." "அப்ப அந்தப் பிள்ளையாருதான் வந்து சொல்லணும், அண்ணாச்சி. நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன், எனக்குச் சொல்ல மாட்டாரு" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

முதல் வரி. முதல் வரியில் என்ன குறை? நேற்று இரவு படுக்கையில் அது ஒரு முள்போல நாக்கின் அடியில் இருந்தது. இன்று பூசையில் மலர் சாத்தும்போதும் இருந்தது. முதல் வரி, முதல் வரி. இப்போது கோப்பைத் திறந்து, சிக்னல் கம்பிகளை ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்த அதே விரலால், திரையின் இடது ஓரத்தைத் தடவினார். அங்கே ஒவ்வொரு வரிக்கும் நேராக வெளிர்நிறத்தில் எண்கள் இருந்தன. இதுவரை அவற்றை அவர் பொருட்படுத்தியதில்லை. அட்சரேகைக்கு நேரே இருந்த எண் இரண்டு. விரல் நின்றது. இரண்டு என்றால், ஒன்று எங்கே? விரல் மேலேறியது. ஒன்றுக்கு நேரே, கோப்பின் உச்சியில், தனியாக, அடக்கமாக, அவர் கையாலேயே தட்டெழுதப்பட்ட பிள்ளையார் சுழி இருந்தது. உ. அவர் அதை எழுதியதாகவே நினைவில்லை. எழுதாமல் இருந்ததாகவும் நினைவில்லை. மளிகைச் சாமான் எழுதினாலும், மின்கட்டணம் குறித்து வைத்தாலும், பேனா தாளைத் தொட்டதும் அது தானே விழும். மூச்சு உள்ளே போவதை யார் எண்ணுகிறார்கள். அதனால்தான் நேற்று இரண்டு முறை வாசித்தும் அதை வாசிக்கவில்லை. சுழியை வாய்விட்டு வாசிப்பவர் உலகில் எவருமில்லை. செபஸ்தியான் ஒருமுறை சொல்லியிருந்தான், இந்த மென்பொருளின் பழைய கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணுமன்றி வேறெதுவும் படிக்கத் தெரியாது, நிரலில் சேராத வெறும் குறிப்பென்று ஒதுக்கி எழுதினாலும் முட்டிக்கொண்டு விழும் என்று. ஆக, விமானம் கொள்ளிடத்தை நெருங்குகிறது. மென்பொருள் மலையை எழுப்புவதற்காக இக்கோப்பைத் திறக்கிறது. முதல் வரியில் விக்கினங்களைத் தீர்ப்பவன் அமர்ந்திருக்கிறான். அவனைப் படிக்கத் தெரியாமல் மென்பொருள் விழுகிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது. தனியாக இருக்கும் வீட்டில் தன் சிரிப்பைத் தானே கேட்பது வேறொருவர் இருமுவது போலிருந்தது, நிறுத்திக்கொண்டார். அழிக்கும் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும், பழுது நீங்கும். விரலைப் பொத்தானின்மேல் வைத்தார். விரல் அங்கேயே இருந்தது.

சுழியில்லாமல் அவர் எழுதியது ஒரே ஒரு முறை. அவர்கள் குடும்பத்தில் வழக்கம் அது: கலியாணம், காதுகுத்து, கடைக்கணக்கு, எல்லாவற்றிற்கும் மேலே சுழி உண்டு, சாவுச் செய்திக்கு மட்டும் கிடையாது. மேலே வெறுமையாக வரும் கடிதத்தைப் பிரிக்கும்போதே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். மங்கைக்குக் கைபேசியில் அனுப்பும் செய்திகளுக்கும் அவர் சுழி போடுவார். உ, பிறகு சாப்பிட்டாயா. அவள் கேலி செய்வாள்: "சாப்பிட்டியான்னு கேக்கறதுக்குக்கூடப் பிள்ளையாரைக் கூப்பிடணுமா? பாவம்பா அவரு." அன்று காலை, சௌந்தரத்தை உள்ளே கிடத்தியபின், கை தானாகச் சுழியை இட்டது; அதைப் பார்த்து, அழித்து, செய்தியை மட்டும் எழுதி மங்கைக்கு அனுப்பினார். ஈரக் கூடத்தில் நின்றுகொண்டு மங்கை பிறகு சொன்னாள்: "மேல சுழி இல்லப்பா. அதுக்குக் கீழ நான் படிக்கவே இல்ல. நேரா டிக்கெட் தேட ஆரம்பிச்சுட்டேன்." இப்போது இந்தக் கோப்பு. இதுவும் மங்கையின் வருகைக்காக எழுதியது. இதன் தலையிலிருந்தும் சுழியை எடுத்தால் இது என்ன எழுத்தாகும்? எடுக்காவிட்டால் விமானம் விழும். விழுந்தால் அவள் இனி வரமாட்டாள். எடுத்தால்? எடுத்தால் ஒன்றும் ஆகாது, வெறும் கோப்பு, எண்கள். ஒன்றும் ஆகாதென்று அறிவு சொல்கிறது. அன்று வாசற்படியில் அமர்ந்தவளுக்கும் ஒன்றும் ஆகாதென்றுதான் அறிவு சொல்லியிருக்கும். கோப்பையே நீக்கிவிடலாமா? நீக்கினால் மலை இராது. மகள் தட்டை ஊரில் வந்திறங்குவாள், பிள்ளையாரும் இரார், அவரைக் குறித்த சுழியும் இராது. சிலேட்டில் மங்கைக்குச் சுழி போடக் கற்றுக்கொடுத்தவள் சௌந்தரம். குழந்தை வட்டத்தைச் சரியாகச் சுழித்துவிட்டுக் கோட்டை இழுக்கும்போது சறுக்குவாள். "என்னடி இது, பல்லி வாலாட்டம் தொங்குது? நேரா இழு." பிறகு இவரைப் பார்த்து, "உங்களுதும் பல்லி வால்தான். அப்பனைக் கொண்டு பொறந்திருக்கு." வட்டம். பிறகு கோடு. வலமாகச் சுழித்து, கீழே இறங்கி, கிழக்கு நோக்கி நேர்க்கோடு. அவர் கண் சன்னலுக்குப் போயிற்று, மலைக்குப் போயிற்று, அங்கிருந்து தெற்கே, தெரியாத ஓடுபாதைக்குப் போயிற்று. அந்த ஓடுபாதை கிழக்கு மேற்காக நேராகக் கிடக்கிறது. ஹெட்போனில் மணி ஒலித்தது.

"அப்பா, இருக்கீங்களா?" "இருக்கேன்மா." "பொட்டி என்ன சொல்லுது?" "சரியாகிடும்னு நினைக்கிறேன்." "போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க." அவர் கண்ணை மூடிக்கொண்டு, பொறுத்தருள், உன் இடத்தைப் பறிக்கவில்லை, மாற்றி வைக்கிறேன் என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார். முதல் வரி வெறுமையாயிற்று. இன்னொரு முறை அழுத்த, அட்சரேகை மேலேறி ஒன்றில் அமர்ந்தது. சென்னையில் இரண்டு விமானங்களும் எழும்பின. வழக்கம்போல் அவர் முன்னே, அவள் பின்னே. பாலாறு மணலாகக் கிடந்தது. அவள் தன் வேலையைப் பற்றிச் சிறிது சொன்னாள், குளிரைப் பற்றிச் சொன்னாள், சாம்பாரில் பெருங்காயம் மணக்கவில்லை என்றாள், நெய்வேலி தாண்டியதும் பேச்சு குறைந்தது, அரியலூரில் நின்றேவிட்டது. இருவர் மூச்சும் ஹெட்போனில் கேட்டது. தூரத்தில் வெள்ளைத் துணி விரிந்தது. அவர் கைப்பிடியை இறுகப் பற்றினார். இங்கேதான். இங்கே, இறகின் நிழல் கரையைத் தொடும்போது. நிழல் கரையைத் தொட்டது. திரை ஒரு கணம் திணறியது. சுழியற்ற முதல் வரி, வெறுமையான கடிதத் தலை, ஈரக் கூடம். நிழல் மணலில் இறங்கி, நடந்து, நடுவிலிருந்த நீர்க்கோட்டைக் கடந்து, அக்கரையில் ஏறியது. அக்கரையில் ஏறியது என்பதை அவர் நம்பவில்லை. தென்னைகள் கீழே ஓடத் தொடங்கியபோதுதான் நம்பினார். "அப்பா," என்றாள் அவள், மிக மெதுவாக, சத்தம் போட்டால் உடைந்துவிடும் என்பதுபோல. "தாண்டிட்டோம்." தீவின் கோபுரங்களை வலதுபுறம் விட்டுக் காவிரியைக் கடந்தபோது, நேர் முன்னே, பொய்யூரின் சிவப்பு ஓடுகளுக்கு நடுவே, மலை எழுந்து நின்றது. மங்கையிடமிருந்து நீண்டதொரு மூச்சு வெளியே வந்தது. ரயில் சன்னலில் விடுவாளே, அதே மூச்சு.

அவர் ஓடுபாதையை நோக்கிப் போகவில்லை. மலையை வலமாகச் சுற்றத் திரும்பினார். "எங்கப்பா போறீங்க? ஏர்போர்ட் நேரா இருக்கு." "காத்து கிழக்கேயிருந்து வருதும்மா. மேற்கே போய்த் திரும்பித்தான் இறங்கணும்." "அதுக்கு ஏன் கோட்டையைச் சுத்தணும்?" அவர் இறகை இன்னும் சாய்த்தார். அவளும் பின்னாலேயே சுற்றினாள். உச்சியின் சிறு கோயில் இறகுக்குக் கீழே மெல்லத் திரும்பியது. ஒரு சுற்று சுற்றி, மறுபடி மேலே வளைந்து, தென்மேற்கே சரிந்து இறங்கி, ஊரின் ஓரத்தில் இடப்புறம் திரும்பினார். வந்த வழியைச் சிவப்புக் கோடாகக் காட்டும் வரைபடம் ஒன்று இருவர் திரையின் மூலையிலும் உண்டு. அவர் அதைப் பார்க்கவில்லை; பார்க்க வேண்டியதில்லை, கை அறியும். ஆனால் ஹெட்போனில் மூச்சு நின்றதைக் கேட்டார். மீண்டும் அறுந்துவிட்டதோ, இங்கேயும் விழுந்துவிட்டதோ என்று அவர் உள்ளம் பதைத்த நேரத்தில், மூக்கை உறிஞ்சும் ஓசையும், அதனோடு கலந்து, கூடம் கழுவிய நாளுக்குப்பின் அவர் கேட்டிராத சிரிப்பும் வந்தன.

"சுழிச்சாச்சு. இப்பக் கோடு. நேரா இழுங்கப்பா, பல்லி வாலா ஆக்கிடாதீங்க. அம்மா பாத்துட்டிருக்கா."

அவர் நேராக இழுத்தார். ஓடுபாதை விரிந்து வந்து சக்கரங்களைத் தாங்கியது. சற்றுப் பின்னே இன்னொரு சக்கரச் சத்தம் கேட்டது.

"வந்துட்டேன்பா."

"வாம்மா" என்றார் திருமேனிநாதர். வீட்டில் யாருமில்லை என்று அறிந்தும், நாற்காலியை விட்டு எழுந்து, கதவுப் பக்கம் திரும்பி நின்றுதான் சொன்னார்.

இதைச் செவிமடுத்தவர் எவராயினும், எந்த ஊரிலிருந்து எந்த ஊரை நோக்கிப் புறப்பட்டவராயினும், அவர்தம் வழியில் ஆறுகள் இடம் விடுக. காத்திருப்பவர் காத்திருக்கும்போதே அவர் போய்ச் சேர்க. சேர்ந்த வீட்டில் வா என்று சொல்ல ஒரு குரல் என்றும் குறையாதிருக்க, உச்சியில் இருப்பவன் அருள்க.